நந்தி மலை அடிவாரத்தில் கேரவன்: ராகி முத்தேயும் சிவப்பு வைனும்

இந்திராநகர்_வாசி

பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கேரவனை (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி) நிறுத்தி மாசி மாதம் முழுக்க அங்கேயே இருந்தோம். வாடகை, வண்டி விவரமெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். இப்போது அந்தத் தோட்டத்து அஜ்ஜியை, அதாவது பாட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்று பகலில் குரோவர் ஜம்பா வைன் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர்களுடைய லா ரிசர்வ் சிவப்பு வைன் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தோம். ராத்திரி தோட்டத்து வீட்டிலிருந்து ராகி முத்தேயும் (கேழ்வரகுக் களி உருண்டை) நாட்டுக்கோழிச் சாறும் வந்தன. கேரவன் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாற்றில் மிளகு தூக்கல். காபர்னே, ஷிராஸ் திராட்சைகள் கலந்த அந்தச் சிவப்பு வைன் அதற்கு நன்றாகவே ஈடுகொடுத்தது. பாத்திரம் எடுக்க வந்த அஜ்ஜி பாட்டிலைக் காட்டி, "இது நம்ம பழமா?" என்று கேட்டார். இல்லை அஜ்ஜி, பிரெஞ்சு ரகம் என்றேன். "நம்ம பழத்துக்கு என்ன குறை?"

அவர் பந்தலில் இருப்பது பெங்களூர் ப்ளூ. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். பெரும்பாலும் ஜூஸுக்கும் ஜாமுக்கும் இனிப்பு வைனுக்கும்தான் போகிறது. காலமெல்லாம் திராட்சை வளர்த்தவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையில் கூடை நிறைய பழம் வந்தது, காசு வாங்கவில்லை.

கெங்கேரி_அக்கா

அந்தப் பழம் நம்ம ஊர் பன்னீர் திராட்சைதானே? அதில் நல்ல வைன் வராது என்று எங்கள் வண்டி ஓட்டுநர் அடித்துச் சொன்னார்.

நாங்கள் மைசூர் சாலைப் பக்கம் போனோம். வைனை விட எனக்கு பிடதி தட்டே இட்லிதான் மனதில் நிற்கிறது. விடியற்காலை, பனி, மூடியைத் திறந்ததும் எழும்பிய ஆவியில் கடைக்காரர் முகமே தெரியவில்லை. தட்டளவு இட்லி, மேலே உருகும் வெண்ணெய். என் மாமியார் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்து பாராட்டியதை அன்றுதான் கேட்டேன்.

கம்பத்துக்காரன்

அக்கா, இரண்டும் ஒன்றில்லை. கம்பம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 2023இல் அதற்குத் தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெங்களூர் ப்ளூ வேறு ரகம். அமெரிக்கக் கொடிவழி என்பதால்தான் அந்தத் தூக்கலான வாசனை. கம்பத்தில் பிறந்தவன் முன்னால் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஆலையில் வழிகாட்டி ஒரு ஷிராஸ் பழத்தை என் உள்ளங்கையில் நசுக்கிக் காட்டினார். கருப்புத் தோல், ஆனால் சாறு தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால்தான் சிவப்பு வைன் என்றார். கொடிக்கு நடுவிலேயே வளர்ந்தும் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹலசூர்_ரமணி

முதலில் எழுதியவருக்கு: மிளகுக் காரத்துக்குச் சிவப்பு வைன் ஒத்துவராது. அதிலுள்ள துவர்ப்பும் ஆல்கஹாலும் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங் வெள்ளை வைனைக் குளிர வைத்துக் குடித்துப் பாருங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தோட்டத்தில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் ஏசி ஓடாது, ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திராட்சைக் கொடியின் அடியில் விடாதீர்கள், எங்கே விடுவது என்று தோட்டக்காரரைக் கேளுங்கள். வாங்கிய பாட்டிலைப் பூட்டிய வண்டியில் வெயிலில் வைத்தால் வைன் கெட்டுவிடும். படுக்க வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஓசூர் தாண்டுவதாக இருந்தால் தமிழ்நாட்டு விதியைப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக, ருசி பார்க்கும் நாளில் ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. நான் ஒரு தடவை போனேன், நன்றாக இருந்தது.

இந்திராநகர்_வாசி

ரமணி சார், அந்தச் சாற்றை நீங்கள் சாப்பிடவில்லை. முத்தேயை மெல்லாமல் சாற்றில் தோய்த்து விழுங்கும்போது காரம் நாக்கில் அவ்வளவு நேரம் நிற்பதே இல்லை. அந்த வைன் அதற்குச் சேர்ந்தது. பிளக் விஷயம் உண்மை, நன்றி.

ஜெயநகர்_நான்காவது_பிளாக்

எல்லோரும் கோழியிலேயே நிற்கிறீர்களே. தை மாதம் போங்கள், அவரைக்காய் காலம். தேவனஹள்ளி சாலையோரம் ஒரு அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே. அரைக்கிலோ வாங்கி கேரவன் அடுப்பிலேயே ஹிதகிட பேளே சாறு (பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பு) வைத்தோம். அவரைக்கே உரிய அந்தச் சொகடு வாசனை மெத்தை வரை ஏறிவிட்டது. கூடவே குடித்தது சாவிக்னான் பிளாங் என்ற வெள்ளை வைன். கோழிக்கு எது பொருந்தும் என்று நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அவரைக்கு வெள்ளை வைன்தான். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.