புதுப்பிப்பு: படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே பிராசஸர், வாங்கியாச்சு

முன்பு கேட்டது இதுதான்: ஹோம் தியேட்டருக்கும் இரண்டு சேனல் இசைக்கும் ஒரே பிராசஸர் (ஒலியைச் சேனல்களாகப் பிரித்து ஆம்ப்களுக்கு அனுப்பும் பெட்டி) போதுமா, ஸ்டீரியோவுக்குத் தனி ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்னால் வால்யூமைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி) வேண்டுமா? மராண்ட்ஸ் ஏவி7706, ஆந்தம் ஏவிஎம் 70 இரண்டில் ஆந்தத்தை எடுத்தேன்.

எந்த டிஏசி சிப் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றுவது) என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். என் அறை 4.3 மீட்டர் நீளம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும்; அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும் 40 ஹெர்ட்ஸ் அருகே சத்தம் வீங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்! எந்தச் சிப்பும் இதைச் சரிசெய்யாது. மைக் வைத்து அளக்கும் அறைத் திருத்தம்தான் செய்யும். திருத்தத்தை 300 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஸ்பீக்கர் தன் குணத்தோடே பேசட்டும்.

"பாட்டுக்கு நேரடி மோட் போடுங்கள்", அதாவது சிக்னலை எந்தத் திருத்தமும் இல்லாமல் அனுப்புங்கள், என்ற யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. திருத்தமும், தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்கு அனுப்பும் பேஸ் மேனேஜ்மென்ட்டும் விலகினால் பழைய வீக்கம் திரும்பிவிடும், சப்வூஃபரும் ஊமையாகிவிடும். திருத்தம் செய்ய அனலாக் சிக்னல் டிஜிட்டலாக மாறுகிறதே என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். சரி, என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நல்ல இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில்) ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதில் ஹோம் தியேட்டர் பைபாஸ் (வெளிச் சிக்னலை வால்யூம் மாற்றாமல் அப்படியே பெருக்கும் வழி) இருக்கிறதா பாருங்கள். பிராசஸரின் முன் சேனல் ப்ரீ-அவுட்டை (பெருக்காத சிக்னல் வெளிவரும் இடம்) அதில் செருகி, பாட்டுக் கருவியை நேராக ஆம்பிலேயே இணைத்தால், பாட்டு கேட்க பிராசஸரை ஆன் செய்யவே வேண்டாம்.

அடுத்து இரண்டாவது சப்வூஃபர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.