ஐபோனில் வெள்ளைத் திரை: எந்தெந்த பிரவுசர்களுக்கு ஆதரவு தருவது?

கேள்வி:
வணக்கம். மூன்று பேர் சேர்ந்து ஒரு முன்பதிவுத் தளம் கட்டியிருக்கிறோம். இதுவரை குரோமில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தோம். வெளியிட்ட முதல் வாரமே ஒருவருக்கு வெறும் வெள்ளைத் திரை. அவரிடம் இருப்பது ஐபோன் 7. சஃபாரியை விட்டுக் குரோமில் திறக்கச் சொன்னோம், அதிலும் வெள்ளைதான். எங்கள் கணினிக் குரோமில் ஒரு குறையும் இல்லை. எல்லா பிரவுசரையும் சோதிக்க ஆள் பலம் கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில் 1:
ஐபோன் குரோம் பெயருக்குத்தான் குரோம். உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின், அதாவது பக்கத்தின் கோடைப் படித்துத் திரையில் காட்டும் உள்பாகம். (2024-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4 வந்தபின் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு விலக்கு உண்டு.) பிரவுசர் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எஞ்சினைப் பாருங்கள், முக்கியமானவை மூன்றே: குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாம் பிளிங்க், சஃபாரி வெப்கிட், ஃபயர்பாக்ஸ் கெக்கோ. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூனில் கைவிட்டுவிட்டது, நீங்களும் விடலாம்.

அந்த போனை மேக் கணினியில் கேபிள் போட்டு இணைத்து, சஃபாரியின் டெவலப் மெனு வழியாகக் கன்சோலை (பிழைச் செய்திகளைக் காட்டும் பகுதி) திறங்கள். முதல் சிவப்பு வரி என்ன சொல்கிறது?

கேட்டவர்:
மேக் இரவல் வாங்கிப் பார்த்தோம். 'சின்டாக்ஸ் எரர்: இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்' என்று வருகிறது.

பதில் 2:
லுக்பிஹைண்ட்! ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (சுருக்கமாக ரெகெக்ஸ், எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பகுதி அது. கோடில் (?<= அல்லது (?<! இருக்கிறதா என்று தேடுங்கள், நீங்கள் சேர்த்திருக்கும், பிறர் எழுதிய லைப்ரரிகளுக்குள்ளும் தேடுங்கள். சஃபாரிக்கு அது 2023 மார்ச்சில், 16.4-இல்தான் வந்தது. ஐபோன் 7 ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது. ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவதால் தனியாகப் புதுப்பிக்கவும் வழியில்லை. ரெகெக்ஸ் ஒன்று புரியாவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் ஃபைல் முழுக்க ஓடாது, அதனால்தான் வெள்ளை. புதிய கோடைப் பழைய பிரவுசருக்கேற்ப மாற்றும் பேபல் கருவியும் இதை மாற்றித் தராது, கையால்தான் திருத்தி எழுத வேண்டும்.

பதில் 1:
அதேதான். குரோமும் ஃபயர்பாக்ஸும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், கடைசி இரண்டு பதிப்பு போதும். ஆனால் விண்டோஸ் 7, 8, 8.1 ஆட்கள் குரோம் 109-இல் தங்கிவிட்டார்கள். உங்கள் தளத்தின் வருகைப் பதிவில் (லாகில்) அவர்கள் வந்தால் அப்போது பார்க்கலாம். நேரத்தை ஐஓஎஸ் 15-க்குச் செலவிடுங்கள். பிரவுசர்ஸ்லிஸ்ட்டிலும் (எந்தெந்த பிரவுசர்களுக்கு ஆதரவு என்று கருவிகளுக்குச் சொல்லும் பட்டியல்) அதையே எழுதி வையுங்கள். பழைய ஐபோன் ஒன்று கைவசம் இருந்தே ஆக வேண்டும், எமுலேட்டரை (கணினியில் போனைப் போல நடிக்கும் மென்பொருள்) நம்பாதீர்கள்.

கேட்டவர்:
தொலைபேசி எண்ணைப் பிரித்துக் காட்டும் லைப்ரரியில் இருந்தது. அதை எடுத்ததும் தளம் திறந்துவிட்டது, ரொம்ப நன்றிங்க! ஆனால் 'பதிவு செய்' பட்டன் சஃபாரியின் கீழ்ப்பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

பதில் 2:
உயரத்தை 100விஹெச் (திரையின் முழு உயரம்) என்று வைத்திருப்பீர்கள். அந்த வரி இருக்கட்டும், அதற்கு அடியில் 100டிவிஹெச் (பட்டை தோன்றி மறைவதற்கேற்ப மாறும் உயரம்) என்று இன்னொரு வரி சேருங்கள். சஃபாரி 15.4 முதல் வேலை செய்யும். அந்த போனில் அதற்கும் பழையது இருந்தால் முதலில் ஐஓஎஸ் 15-இன் கடைசிப் பதிப்புக்கு ஏற்றச் சொல்லுங்கள்.