பிள்ளைகள் தாமே எழுதும் நாடகம்: படுவான்கரையில் கண்டவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலைகளில் தரம் 10, 11 மாணவர்களுக்கு நாடக எழுத்துப் பயிற்சி அளித்து வருகிறேன். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. தமிழ்த் தினப் போட்டிகளுக்கும் பாடசாலைகள் நாடகம் தயாரிக்கின்றன. ஆயினும் பெரும்பாலும் ஆசிரியரே எழுத்துருவை எழுத, பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுக் கேட்டு வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளையும் பழகிய மண்ணில் பிறர் சொல்லை உள்வாங்கி ஆடும் திறமைக்குக் குறைவில்லை. தம் சொல்லைத் தாமே எழுதும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு அரிதாகக் கிடைக்கிறது.

1978இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழியாக நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கமும் அவருடன் நின்றவர்களும், செய்து பார்த்துப் பழகும் களப்பயிற்சியை எமது அரங்கின் வழக்கமாக்கினார்கள். நானும் அவ்வாறே அரங்க விளையாட்டுகளில் தொடங்கி, கூச்சம் விலகிய பின்னரே கொப்பியைத் திறக்கச் சொல்கிறேன். இருவர் மட்டும் பேசும் ஒரு காட்சியை அவர்கள் எழுத வேண்டும். அதில் ஒருவருக்கு மற்றவரிடம் ஏதோ வேண்டும், ஆனால் அதைக் கேட்க முடியாமல் ஏதோ தடுக்க வேண்டும்.

வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி, மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் தாயுடன் ஒரு மகள் தொலைபேசியில் பேசுவதாக எழுதினாள். "அன்னையே, உங்கள் பிரிவு என்னை வாட்டுகிறது" என்று அது தொடங்கியது. நான் எதையும் திருத்தாமல், தோழி ஒருத்தியிடம் கொடுத்து, கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி வாசிக்கச் சொன்னேன். பாதியிலேயே மாணவி எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டாள். அவள் மீண்டும் எழுதியது இது:

"சாப்பிட்டியா மகள்?"
"ஓம் அம்மா."
"என்ன கறி?"
"மீன்."

இந்த உரையாடல் நடக்கும்போது அம்மம்மா வெறும் பானையைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அடியில் குறித்திருந்தாள். தாயின் மனம் நோகக் கூடாது என்று ஒரு பிள்ளை சொல்லும் பொய்யை இதைவிடத் தெளிவாக எழுத எனக்கும் வராது.

இத்தகைய எழுத்தைக் கண்டதும் "இது உன் கதையா?" என்று கேட்கத் தோன்றும். நான் ஒருபோதும் கேட்பதில்லை, ஏனெனில் பாத்திரம் என்ற மறைப்பு இருப்பதாலேயே பல பிள்ளைகள் துணிந்து எழுதுகிறார்கள். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாக எழுத்து உணர்த்தினால் மட்டும், பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருடன் பேசுகிறேன்.

ஒத்திகையில், தாய்மார் பிள்ளைகளை விட்டு வெளிநாடு போகக் கூடாது என்ற அறிவுரையுடன் முடித்தால் பார்ப்பவருக்கு நன்கு பதியும் என்று சக மாணவர்கள் சொன்னார்கள். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்பிடி முடிச்சா அம்மாவிலதான் பிழை எண்டு வரும். நான் அதை எழுதமாட்டேன்" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் மறுத்துப் பேசியதை அன்றுதான் நாங்கள் கேட்டோம். அறிவுரை சேர்க்கப்படவில்லை, அடுத்த தவணையில், அதே வீட்டின் கதையை அம்மம்மாவின் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.