ஐந்து மாதக் குட்டி எங்களைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறது

கேள்வி

வணக்கம். தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் பிறந்து, சோறு வைக்க வருபவரைத் தவிர வேறு மனிதரைப் பாராமலே வளர்ந்த ஐந்து மாதச் சிப்பிப்பாறை இனப் பெண் நாய்க்குட்டியை மூன்று வாரங்களுக்கு முன் மதுரையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். பகல் முழுவதும் மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. நாங்கள் உறங்கிய பிறகே வந்து உண்கிறது. அருகில் சென்று குனிந்தால் நடுங்கி, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. தினமும் மடியில் வைத்துத் தடவினால் பயம் தெளிந்துவிடும் என்று அப்பா சொன்னதால் நான்கு நாட்கள் அப்படியே செய்தோம். அது முன்னிலும் அதிகமாக ஒதுங்கிவிட்டது. நேற்று என் எட்டு வயது மகனைப் பார்த்து உறுமியதால் கவலை கூடியிருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் மறுமொழி

தூக்குவதை இன்றே நிறுத்திவிடுங்கள். தப்பிக்க வழியில்லாமல் பிடிபடும் குட்டி அசையாமல் கிடப்பதைப் பார்த்து, அது பழகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது அச்சத்தில் உறைந்துபோயிருக்கிறது.

நாய்க்குட்டிகள் மனிதரை எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. 1961இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலியிட்ட வெளியில் 14 வாரங்கள் வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் அதன் பிறகு மனிதரை நெருங்கவே அஞ்சின. உங்கள் குட்டி அந்தப் பருவத்தைக் கொட்டகையிலேயே கழித்துவிட்டது. ஆகவே அதன் முன்னேற்றத்தை வாரங்களில் அல்ல, மாதங்களில் எதிர்பாருங்கள்.

படிக்கட்டின் அடி அதற்கே உரிய இடமாக இருக்கட்டும். அங்கே யாரும் கை நீட்டக் கூடாது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏழெட்டு அடி தள்ளித் தரையில் அமர்ந்து, முகத்தை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகளை அதற்கு அப்பால், அதன் முதுகுப் பக்கமாக விழும்படி போடுங்கள். கையிலிருந்து உண்ணும்படி ஆசை காட்டினால், பசி முன்னே இழுக்கவும் பயம் பின்னே தள்ளவும் குட்டி தவித்துப்போகும். பின்னால் விழும் துண்டை எடுக்க அது உங்களைவிட்டு விலகிச் செல்லலாம், பிறகு தானாகவே திரும்பி வரலாம். இப்படித் தானாக வந்த ஓர் அடிக்கு, நீங்கள் இழுத்துவந்த நூறு அடிகள் ஈடாகா. உதட்டை நக்குவதும், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவதும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதும் போதும் என்று அது சொல்லும் அடையாளங்கள்; அவற்றைக் கண்டதும் எழுந்து சென்றுவிடுங்கள்.

உறுமலுக்காக ஒருபோதும் திட்டாதீர்கள். எச்சரிக்கையை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிடக்கூடும். மகனைக் குட்டியுடன் தனியே விட வேண்டாம். கடித்தாலோ பல் கீறினாலோ, தடுப்பூசி போட்ட குட்டிதானே என்று இருந்துவிடாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரண்டாம் மறுமொழி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம் என்பதால், மிரண்டு பின்வாங்கும்போது கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். கழன்றால் ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது. வெளியே அழைத்துச் செல்லும் காலம் வரும்போது மார்புப்பட்டையையும் சேர்த்து அணிவித்து, இரண்டிலும் கயிறு பூட்டுங்கள். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். இவ்வளவு அஞ்சும் குட்டிக்கு வெடிச் சத்தத்தைத் தாங்க மருந்து தேவைப்படலாம்.

கேள்வி கேட்டவர், 19 நாட்களுக்குப் பின்

இருவருக்கும் நன்றி. அப்பா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது தினமும் காலையில் அவரே கூடத்துத் தரையில் சுவரோரமாக அமர்ந்து, நாளிதழைத் தணிந்த குரலில் வாசித்தபடி துண்டுகளைப் போடுகிறார். ஏழு அடி தூரம் மூன்றடியாகக் குறைந்திருக்கிறது. நேற்று அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது குட்டி வெளியே வந்து, அவருடைய குதிகாலை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அவர் காலை அசைக்கவே இல்லை.