குரல் கெடுவதற்கு ஆசிரியரின் சுபாவம் காரணமாகுமா?

கேள்வி: தாராவி ஆசிரியை

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். மழைக்காலத்திலிருந்தே தொண்டை கரகரத்ததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினேன். குரல்நாண்கள் இரண்டிலும் சிறு முடிச்சுகள் இருப்பதாகவும், அறுவை சிகிச்சை இல்லாமல் குரல் பயிற்சியிலேயே குணமாகலாம் என்றும் கூறினார். கூடவே, "நீங்கள் கலகலப்பானவர், எதற்கும் படபடப்பவர், அதனால் வந்தது" என்றும் சொல்லிவிட்டார். என்னுடன் பணியாற்றும் தோழியோ அதிர்ந்து பேசாதவர். அவருக்கும் பல மாதங்களாகக் குரல் அடைத்துக்கொள்கிறது; பரிசோதனையில் எந்தக் கோளாறும் தென்படவில்லை. சுபாவத்துக்கும் குரலுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

பதில்: பேச்சு சிகிச்சையாளர், முலுண்டு

உண்டு என்பவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான நெல்சன் ராயும் டயான் பிளெஸும். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளின்படி, முடிச்சு உள்ளவர்களிடம் பிறரோடு கலந்து பழகும் புறமுகச் சுபாவமும், யோசிப்பதற்குள் பேசிவிடும் வேகமும் மிகுந்திருந்தன. குரல்நாணில் புண்ணோ கட்டியோ இல்லாமலே குரல் கெட்டவர்கள் பெரும்பாலும் ஒதுங்கியிருக்கும் அகமுகமானவர்களாகவும் கவலைப்படுபவர்களாகவும் இருந்தார்கள். பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை மோதிப் பிரிபவை; பேச்சும் உரப்பும் கூடினால், மோதல் கடுமையாக விழும், முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட இடத்தில் முடிச்சு தோன்றுகிறது. உங்கள் தோழியைப் போன்றவர்களுக்கோ, பேச வேண்டும் என்ற கட்டாயமும் பேசாதிருக்கத் தூண்டும் அச்சமும் ஒரே நேரத்தில் இழுப்பதால் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிவிடுகின்றன என்பது அவர்களுடைய விளக்கம்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மாடுங்கா

பழியை ஆசிரியரின் சுபாவத்தின் மேல் போடும் இந்த விளக்கம் பள்ளி நிர்வாகங்களுக்கு மிகவும் வசதியானது, அம்மா. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே எழுதிவைத்தார். அதற்குக் கலகலப்பான சுபாவம் தேவையில்லை, சாலையோர ஜன்னலும் நிறைந்த வகுப்பும் போதும். மேலும், குரல் போன பிறகு நடத்திய மனநிலைச் சோதனையில் கவலை தெரிந்தால், அது நோயின் காரணமா விளைவா என்று எப்படிப் பிரிப்பது? பிழைப்பே குரலாக இருப்பவர் கவலைப்படாமல் என்ன செய்வார்? அதே நெல்சன் ராய் குழுவினர் 2002இல் குரல் பாதிக்கப்பட்ட ஆசிரியர்களை ஆராய்ந்தபோது, உடலில் அணியும் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியவர்கள் தெளிவான பலன் கண்டார்கள்; குரல் பராமரிப்பு பற்றிய அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பள்ளியிடம் முதலில் மைக் கேளுங்கள்.

பதில்: பேச்சு சிகிச்சையாளர், முலுண்டு

ஐயா கூறும் காரண விளைவுக் குழப்பம் நியாயமானதுதான். ராயும் பிளெஸும்கூடச் சுபாவம் மட்டுமே காரணம் என்று வாதிடவில்லை. ஆனால் ஒரே இரைச்சலில் பாடம் நடத்தும் எல்லோருக்கும் முடிச்சு வருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என் பார்வையில், சுபாவத்தை அறிவது பழி சுமத்துவதற்காக அல்ல, பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதற்காக. படபடவென்று பேசுபவரிடம் "வகுப்பில் மௌனமாக இருங்கள்" என்றால் இரண்டு நாள்கூடத் தாங்காது. மைக்கும், பேச்சுக்கு நடுவே நின்று மூச்செடுக்கும் பழக்கமும் அவருக்குப் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்: தாராவி ஆசிரியை

இருவருக்கும் நன்றி. மைக்குக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். தோழிக்கும் அதுவே போதுமா?

பதில்: பேச்சு சிகிச்சையாளர், முலுண்டு

போதாது என்றே நினைக்கிறேன். தசை இறுக்கம் என்று உறுதியானால், குரல்வளைப் பகுதியைக் கையால் நீவித் தளர்த்தும் சிகிச்சை அவருக்குப் பலனளிக்கக்கூடும். அதை வீட்டில் தாமாகச் செய்யாமல் பயிற்சி பெற்றவரிடமே செய்துகொள்ள வேண்டும்.