நரம்புக் கட்டி, காப்பி நிறத் திட்டு: பட்டவர்களும் பார்த்தவர்களும் எழுதுங்கள்

அஸ்தம்பட்டி அம்மா:
என் பையனுக்கு என்எஃப்1, அதாவது நரம்பில் கட்டியும் தோலில் காப்பி நிறத் திட்டும் வரும் மரபணு நோய். நேரே விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்குக் காய்ச்சல் என்றுதான் போனோம். பனியனைத் தூக்கிய டாக்டர் காய்ச்சலை மறந்துவிட்டு, முதுகிலிருந்த பால்காப்பி நிறத் திட்டுகளை ஸ்கேல் வைத்து அளக்க ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் 6 இருந்தால் சந்தேகமாம். அக்குளில் சின்னப் புள்ளிகள் இருக்கிறதா என்றும் பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்காரரிடம், "நீங்க சட்டையக் கழட்டுங்க" என்றார். முதுகில் மொச்சைக்கொட்டை அளவில் கட்டிகள். கொழுப்புக் கட்டி என்றே மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். கண் டாக்டரும் இவர் கண்ணில் குட்டிக் குட்டி முடிச்சு இருப்பதாகச் சொன்னார், அதுவும் இந்த நோயின் அடையாளமாம். வீடு வரும்வரை ஸ்கூட்டரில் இவர் வாயே திறக்கவில்லை. மாமியாருக்கு இன்றும், நான் கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம்!

அம்மாபேட்டை தறிக்காரன்:
எனக்கு முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு கட்டி. தறியில் லேசாக இடித்தால் போதும், சுண்டுவிரல் வரை கரண்ட் அடிக்கும். ஒருவர் கொழுப்புக் கட்டி என்று அறுக்கவே கிளம்பிவிட்டார். இன்னொரு டாக்டர் விரலால் தட்டினார், நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டேன். எம்ஆர்ஐ எடுத்ததில் ஷ்வானோமா என்ற நரம்புறைக் கட்டி என்று தெரிந்தது. நரம்பின் உறையில் ஓரமாக வளர்வதால், நரம்பை வெட்டாமல் உரித்து எடுத்தார்கள். பரம்பரை எதுவும் இல்லை. சும்மா எல்லாரையும் பயமுறுத்தாதீர்கள்.

சேர்வராயன் காத்து:
ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ். கழுத்து, முகமெல்லாம் கட்டியோடு ஒரு பெரியவர். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜனங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்களே தவிர, பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. உட்காரப்போன சிறுமியை அவள் அம்மா சடையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் மடியிலிருந்த மிளகுப் பையை எடுத்து அந்தக் காலி சீட்டில் வைத்துவிட்டார். இது ஒட்டுவாரொட்டி இல்லை ஐயா!

ஐந்து ரோடு அண்ணாச்சி:
தறிக்காரரே, ஒற்றைக் கட்டிக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் என் சித்தி மகனுக்குக் காதில் இரைச்சல் என்று ஆரம்பித்து, இரண்டு பக்கமும் காது நரம்பில் கட்டி. அது என்எஃப்2 என்ற வேறொரு நோய், 22ஆம் குரோமோசோம் கோளாறு. இப்போது காது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசுகிறான்.

அஸ்தம்பட்டி அம்மாவுக்கு: உங்கள் வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் இருப்பது என்எஃப்1, அது 17ஆம் குரோமோசோம் கோளாறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்தாச்சு, அடுத்தது தப்பிக்கும் என்பதெல்லாம் கணக்கே இல்லை. நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இருக்காது, புதிதாக வருவது. பையனுக்கு வருஷா வருஷம் கண், பிபி இரண்டும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஏதாவது ஒரு கட்டி திடீரென்று வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, விடாமல் வலித்தாலோ அன்றே காட்டுங்கள், புற்றாக மாறியிருக்கலாம். ஆழத்தில் படர்ந்து, அறுக்க முடியாத கட்டி உள்ள பிள்ளைகளுக்கு செலுமெடினிப் என்ற மாத்திரையை 2020இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். தோல் மேல் வரும் சின்னக் கட்டிக்கு அதைக் கேட்டு அலையாதீர்கள். பச்சிலை வைத்துக் கட்டவே கூடாது.

அஸ்தம்பட்டி அம்மா:
அண்ணா, அடுத்த பிள்ளையைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. கண்ணெல்லாம் பார்த்தாச்சு. அந்தப் பாதிக்குப் பாதியை மாமியாரிடம் சொன்னால் "எங்க பக்கம் அப்படி யாருமில்ல" என்கிறார். முடிந்தால் நீங்களே வந்து சொல்லுங்கள்.