கவட்டையில் வந்து வந்து போகும் வீக்கம்: குழந்தைகளின் குடலிறக்க அனுபவங்கள்

கொடிமல்லி:
குடலிறக்கம் என்றால் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய குடல் ஒரு திறப்பு வழியாக வெளியே இறங்கித் தோலுக்கடியில் புடைப்பது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். மகனுக்கு மூன்று மாதம். வலது பக்கம். அழுதால் வரும், தூங்கினால் மறையும். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஓர் இரவு வீக்கம் உள்ளே போகவே இல்லை. நெல்லிக்காய் அளவில் இறுகிக் கிடந்தது. குடித்த பாலை எல்லாம் கக்கினான், கடைசியில் பச்சையாக வந்தது. உரம் விழுந்திருக்கிறது, விடிந்ததும் புடவையில் போட்டு உருட்டி எடுக்கலாம் என்றார் அத்தை. அதற்குள் கணவர் ஆட்டோவோடு வாசலில் நின்றார்.

அவசரப் பிரிவில் தூங்க மருந்து கொடுத்துவிட்டு, அறுவை மருத்துவர் அந்த வீக்கத்தை இரண்டு கை விரல்களாலும் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தார். வேகமும் இல்லை, விடவும் இல்லை. அவர் நெற்றியில் வேர்வை. திடீரென்று ‘களக்’ என்றொரு சத்தம், குடல் உள்ளே போய்விட்டது. “வீக்கம் வடியட்டும், நாளை மறுநாள் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம்” என்றார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வைகைக்கரை:
அண்ணன் மகனுக்குத் தொப்புளில் இப்படித்தான் புடைத்துக்கொண்டிருந்தது. நான்கு வயதில் தானாக அடங்கிவிட்டது. பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து என்றாலே எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

தஞ்சைச் செவிலி:
வைகைக்கரை, தொப்புளையும் கவட்டையையும் ஒன்றாக்காதீர்கள். இந்தக் குழப்பத்தில்தான் குழந்தைகள் தாமதமாக வந்து சேருகிறார்கள். தொப்புள் வளையம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே சுருங்கி மூடிக்கொள்ளும். கவட்டையில் கதை வேறு. ஆண் குழந்தையின் விதை வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் கீழே இறங்குகிறது. அது வந்த வழி மூடாமல் போனால் குடலும் அதே வழியில் இறங்கும். குடல் இறங்க ஆரம்பித்த பிறகு அந்த வழி தானாக மூடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சிக்கிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம் இருப்பதும் முதல் வயதில்தான். சிக்கினால் குடலுக்கு ரத்தம் நிற்கும், விதைக்குப் போகும் ரத்தக் குழாயும் நசுங்கும்.

பெரியவர்களுக்குப் போல வலை வைத்துத் தைப்பதில்லை. தோல் மடிப்பில் சிறு கீறல், இறங்கிய பையைப் பிரித்து மேலே கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையோடு விந்துக் குழாய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் காயம் படாமல் பிரிக்கத் தேர்ந்த கை வேண்டும். குழந்தை அறுவை நிபுணரிடமே போங்கள்.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் துணிச்சுருளைச் செருகி, வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தேன். தோல் கருஞ்சிவப்பாக இருந்தது. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இளவேனில்:
எல்லோரும் ஆண் குழந்தையைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் மகளுக்குக் கவட்டையில் சிறு உருண்டை. அமுக்கினாலும் அசையவில்லை, அவளோ சிரித்துக்கொண்டு கிடந்தாள். வலி இல்லையே என்று வீட்டில் யாருமே பயப்படவில்லை. ஸ்கேன் எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பி, “இது குடல் இல்லை அம்மா, சினைப்பை” என்றார். எனக்குக் கால் நடுங்கியது. அது முறுக்கிக்கொண்டால் சினைப்பையே போய்விடுமாம். அந்த வாரமே ஆபரேஷன் முடிந்தது.

குறைமாதத் தகப்பன்:
செவிலி அம்மா சொல்வது நிறைமாதக் குழந்தைக்குச் சரி. எல்லோருக்கும் உடனே கத்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகன் 29 வாரத்தில் பிறந்தவன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் எடை ஏறட்டும், பிறகு செய்யலாம் என்றார்கள். 2024-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலும், குறைமாதக் குழந்தைகளில் மருத்துவமனையை விட்டுப் போகும் முன்பே அறுவை செய்யத் திட்டமிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கும், பிறகு செய்யத் திட்டமிட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கும் கடுமையான பாதிப்புகள் வந்தன. காத்திருந்த நாட்களில் வீக்கம் இறுகுகிறதா என்று ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் பார்த்தோம்.

ஆபரேஷன் முடிந்த இரவு மானிட்டர் அலறியது. மகன் மூச்சு விடவில்லை. நர்ஸ் ஓடிவந்து அவன் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார். ஒரு விக்கல், பிறகு மூச்சு. குறைமாதக் குழந்தையை அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஓர் இரவாவது கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

மணல்மேடு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மருத்துவரிடம் போகும்போது வீக்கம் மறைந்துவிடும், வீட்டில் தெரியும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தாய்ப்பாலை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று மயக்க மருத்துவரிடமே கேளுங்கள். பொதுவாக 4 மணி நேரம்தான், இரவு முழுக்கப் பட்டினி போட வேண்டியதில்லை. தையல் போட்ட பிறகு விதைப்பை சில நாள் வீங்கியிருக்கும். அது வடிந்துவிடும். காய்ச்சலோ, சீழோ, பச்சை வாந்தியோ வந்தால் மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.